வாத்தியார் எங்கே தங்குவார்?

பசறை கல்வி வலயத்தில் ஒரு தோட்டப் பாடசாலைக்கு நியமனக் கடிதம் கிடைத்தவர் முதலில் விசாரிப்பது வகுப்பையோ பாடத்தையோ அல்ல. பஸ் எதுவரை போகும், தங்க இடம் இருக்கிறதா என்றுதான் கேட்பார். இதைச் சுயநலம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. பெருந்தோட்டக் கல்வியைப் பற்றிய பேச்சு நெடுங்காலமாக எண்ணிக்கையிலேயே நடக்கிறது: இத்தனை பாடசாலை, இத்தனை வெற்றிடம், இத்தனை புதிய நியமனம். வந்தவர் ஏன் நிற்கவில்லை என்பது அந்தப் பேச்சின் ஓரத்திலேயே கிடக்கிறது. ஊவா மலைகளுக்கு வெளியிலிருந்து வந்து கற்பித்தவர்களைத் தலைமுறை தலைமுறையாக வைத்துப் பார்த்தால், நின்றவர்கள் எல்லாம் அர்ப்பணிப்புள்ளவர்கள், போனவர்கள் எல்லாம் அது இல்லாதவர்கள் என்று சொல்ல முடியாது. அவர்கள் தலைக்கு மேலிருந்த கூரை யாருடையது என்பதே பெரும்பாலும் அதைத் தீர்மானித்தது.

பசறை பதுளைக்குத் தென்கிழக்கே இருக்கிறது. கண்டிப் பக்கமிருந்து பதுளை வழியாக வரும் பெருந்தெரு பசறை, லுணுகலை, பிபிலை என்று இறங்கி மட்டக்களப்புப் பக்கம் செங்கலடியில் முடிகிறது. நகரத்தில் தமிழ்த் தேசியப் பாடசாலை உண்டு. கடைத்தெரு, வங்கி, ஆஸ்பத்திரி, எல்லாம் கைக்கெட்டும் தூரம். நகரத்தை விட்டுக் கோணக்கலை, எல்டெப், டெமேரியா என்று ஏறத் தொடங்கினால் கதை மாறிவிடும். நமுனுகுலை அடிவாரத்துக் கனவரல்லைக்கோ, அப்பால் மடுல்சீமை, ஹொப்டன் பக்கமோ போக வேண்டியவருக்கு, காலை பஸ்ஸைத் தவறவிட்டால் அன்றைய முதலிரண்டு பாடங்களும் போயிற்று. ஊவாவில் வடகீழ்ப் பருவக்காற்றுதான் பெருமழையைக் கொண்டுவரும். ஐப்பசி தொடங்கித் தை வரை, அதாவது மூன்றாம் தவணையின் பெரும்பகுதியிலும் பரீட்சைக் காலத்திலும், மண் சரிந்து பாதை மறிக்கும் அபாயம் இருக்கிறது. 2021 மார்ச்சில் பசறை பதின்மூன்றாம் கட்டையருகே பஸ் பள்ளத்தில் கவிழ்ந்து பலர் இறந்த வீதியும் லுணுகலைக்கு இறங்கும் இந்தப் பெருந்தெருதான். தினமும் இந்தத் தெருவில் போய்வரும் ஆசிரியைக்குப் பயணம் என்பது சம்பளப் பட்டியலில் ஏறாத ஒரு வேலை.

முதன்முதலில் இங்கே கற்பிக்க வந்தவர்கள் கடல் கடந்து வந்தவர்கள். மண்டபம் முகாம், தனுஷ்கோடி, தலைமன்னார் என்று தொழிலாளர் வந்த வழியிலேயே கொஞ்சம் படித்தவர்களும் வந்தார்கள். கணக்கு எழுத வந்தவர்கள், கங்காணியின் உறவினர்கள், ஊரில் திண்ணைப் பள்ளியில் படித்து வேலை கிடைக்காதவர்கள். 1924 ஏப்ரலில் ரயில் பதுளை வரை வந்து சேர்ந்ததற்குப் பிறகு அந்தப் பயணம் சற்று இலகுவாயிற்று. தோட்டத்துரைமார் தொழிலாளர் பிள்ளைகளின் படிப்புக்கு வழி செய்ய வேண்டும் என்ற சட்டக் கடமை 1907இல் தொடங்கி 1920இல் இறுகியது. ஆறு வயது முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்கே அது பொருந்தியது. பள்ளி என்பது பல இடங்களில் ஒரே அறை. ஒரே வாத்தியார் எல்லா வகுப்புக்கும் சொல்லிக் கொடுத்தார். தோட்டம் சம்பளம் கொடுத்தது, அரசு சிறு மானியம் கொடுத்தது.

இந்த வாத்தியார் யார் பக்கத்து ஆள் என்பது லேசில் தீராத கேள்வியாக இருந்தது. கிளாக்கர், கண்டக்டர், டிஸ்பென்சர் இருந்த ஸ்டாப் வரிசையில் அவருக்குக் கடைசி இடம். தோட்டத்தின் வரிசை வீடுகளான லயங்களின் மக்களுக்கோ அவர் கடுதாசி வாசித்துக் கொடுப்பவர், ஊருக்குப் பதில் எழுதித் தருபவர், பிள்ளைக்குப் பெயர் தேடித் தருபவர். மக்கள் கொடுத்த மரியாதை பெரியது. ஆனால் அவர் குடியிருந்த வீடு தோட்டத்தினுடையது. தோட்டம் தனியார் சொத்து. அனுமதியில்லாமல் உள்ளே வந்த வெளியாள் மீது அத்துமீறல் வழக்குப் போடலாம். தொழிற்சங்கக்காரர்கள் கோயில் திருவிழாவைச் சாக்காக வைத்து உள்ளே நுழைய வேண்டியிருந்த காலம் அது. துரைக்குப் பிடிக்காத வார்த்தையைச் சொன்ன வாத்தியார் வேலையை மட்டும் இழக்கவில்லை, அன்றைக்கே பெட்டி படுக்கையைத் தூக்க வேண்டியவரானார். அவர் வாய் மூடியிருந்ததைக் கோழைத்தனம் என்று இன்று தீர்ப்புச் சொல்வது எளிது. இராத் தங்க இடமில்லாத ஒருவர் எவ்வளவு பேச முடியும்?

அப்படியும் அந்தத் தலைமுறையிலிருந்து வேர்பிடித்தவர்கள் உண்டு. தெளிவத்தை ஜோசப் 1934இல் பதுளை மாவட்டத்து ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் பிறந்தவர். தந்தை அந்தத் தோட்டப் பள்ளி ஆசிரியர். மகன் கும்பகோணத்துக்குப் போய்ப் படித்துவிட்டுத் திரும்பினார், தெளிவத்தைத் தோட்டத்தில் பணியாற்றினார், அந்தத் தோட்டத்தின் பெயரையே தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டார். தந்தை தோட்டத்து வாத்தியார். மகன் மலையகத்தின் முதன்மையான எழுத்தாளர்களில் ஒருவர். 2022இல் அவர் மறைந்தபோது எழுதப்பட்ட அஞ்சலிகள் அவர் எழுத்தைப் பேசின. எழுத்து பிறந்த அந்தப் பள்ளி வீட்டைப் பற்றியும் நாம் பேச வேண்டும். ஒரு வாத்தியார் குடும்பம் தோட்டத்துக்குள்ளேயே குடியிருந்ததால் லயத்தின் வாழ்க்கையை அருகிருந்து பார்த்த ஒரு பிள்ளை நமக்குக் கிடைத்தது. பதுளை நகரத்திலிருந்து தினமும் போய்வந்த ஆசிரியரின் மகனுக்கு அது வாய்த்திருக்காது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் மலையகத்தார் எல்லோருக்கும் அது தெரியும். 1948இன் குடியுரிமைச் சட்டம் தொழிலாளரோடு வாத்தியாரையும் நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. கப்பலேறி நீலகிரிக்கும் வேறு இடங்களுக்கும் போனவர்களில், பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுத்தவர்களும் இருந்தார்கள். வந்தபோது இங்கே அந்நியர், போனபோது அங்கே அந்நியர். முதல் தலைமுறை ஆசிரியர் அப்படித்தான் கரைந்தார்.

1975இல் தோட்டங்கள் அரசுடைமையாயின. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் தோட்டப் பள்ளிகளும் அரசின் கைக்கு வந்தன. இது பெரிய விடுதலை; அதில் சந்தேகமில்லை. 1940களில் கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி நாடு முழுவதும் பரவியபோது, தோட்டத்துப் பிள்ளை மட்டும் முப்பது ஆண்டு அதன் வாசலில் நின்றது. இனி ஆசிரியர் அரச உத்தியோகத்தர். துரையின் முகக்குறிப்பைப் பார்த்துப் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆனால் இந்த மாற்றத்தில் ஒன்று யாரும் கவனிக்காமல் நழுவிப்போனது. முன்பு வீடு கொடுத்தது தோட்டம். இப்போது தோட்ட நிர்வாகம், அவர் அரசாங்க ஆள், அரசாங்கமே இடம் கொடுக்கட்டும் என்றது. கல்வித் திணைக்களமோ, காணி தோட்டத்தினுடையது, நாங்கள் எங்கே கட்டுவது என்றது. சம்பளம் உறுதியாயிற்று, கூரை போயிற்று. என் கணிப்பில் இன்றைய ஆசிரியர் இடமாற்றப் பிரச்சினையின் வேர் இந்தக் கைமாற்றத்தில்தான் இருக்கிறது.

அரசு பொறுப்பேற்ற பிறகு தோட்டப் பாடசாலைகளின் வெற்றிடங்களுக்கு வந்தவர்களில் கணிசமானோர் யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்தார்கள். அதே நாடுதான், அதே மொழிதான். ஆனாலும் மடுல்சீமைக் குளிரில் முதல் இரவைக் கழித்த ஒரு வடமராட்சி இளைஞருக்கு அது வெளிநாடாகத்தான் இருந்திருக்கும். பேச்சு வேறு, சாப்பாடு வேறு, கிணற்றுத் தண்ணீருக்குப் பதில் பீலித் தண்ணீர். அவர்களில் சிலர் தோட்டத்து மக்களைத் தாழ்வாகப் பார்த்தார்கள் என்ற மனக்குறை மலையகத்தில் இன்றும் உண்டு. அதில் உண்மையும் உண்டு. வேறு சிலர் இரவில் மண்ணெண்ணெய் விளக்கில் வகுப்பு வைத்து முதன்முதலாக ஒரு தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் போன பிள்ளையை உருவாக்கினார்கள் என்பதும் உண்மை. இந்த இரண்டாவது வகையினர் பெரும்பாலும் தோட்டத்திலோ பக்கத்துக் கடைவீதியிலோ தங்கியவர்கள் என்பதை அவர்களிடம் படித்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். 1983 ஜூலையில் பதுளை நகரத்துத் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது ஆசிரியர்கள் வந்த அந்த ஓட்டம் நின்றது. ஊருக்குப் போன ஆசிரியர்களில் பலர் திரும்பவில்லை. திரும்பச் சொல்லவும் யாருக்கும் வாய் வந்திருக்காது.

வெளியாள் நிற்க மாட்டார், ஆகவே மலையகத்துப் பிள்ளைகளையே ஆசிரியராக்குவோம் என்ற எண்ணம் அதற்குப் பின் வலுத்தது. சுவீடனின் உதவியோடு தோட்டப் பாடசாலைகளுக்குக் கட்டடங்கள் வந்தன, சில இடங்களில் ஆசிரியர் விடுதிகளும் வந்தன. ஜேர்மன் உதவியோடு 1990களின் தொடக்கத்தில் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. கொட்டகலை ஆசிரியர் கலாசாலையோடு சேர்த்துப் பார்த்தால், இன்று தோட்டப் பாடசாலைகளில் நிற்பவர்களில் பெரும்பகுதியினர் இந்த மண்ணில் பிறந்தவர்களே. இதை மலையகத்தின் மிகப் பெரிய சமூக மாற்றம் என்றே நான் கருதுகிறேன். கொழுந்துக் கூடை சுமந்த தாயின் மகள் அதே தோட்டத்தில் சேலை கட்டிக்கொண்டு வகுப்புக்குள் நுழைகிறாள்.

ஆனால் அவள் எங்கே தங்குகிறாள்? லயத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, முன்னால் ஒரு இஸ்தோப்பு, பின்னால் அடுப்படி. அம்மா, அப்பா, தம்பி, பாட்டி. பாடக்குறிப்பு எழுத மேசை போட இடமில்லை. அந்தக் காம்பராவும் குடும்பத்தில் யாராவது தோட்டத்தில் பேர் பதிந்திருக்கும் வரைதான் உறுதி. உறுதிப் பத்திரம் எதுவும் கையில் இல்லை. அரச உத்தியோகம் பெற்றவள் தோட்டத்தின் பார்வையில் உரிமையில்லாத குடியிருப்பாளர். 2014க்குப் பின் தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் உதவியாளர்களாக உயர்தரம் சித்தியடைந்த சுமார் மூவாயிரம் பேர் எடுக்கப்பட்டார்கள். அவர்களுக்கு மாதக் கொடுப்பனவு 6,000 ரூபா. அப்போது நடைமுறையில் இருந்த 2013ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தப்படி எல்லாக் கொடுப்பனவும் சேர்ந்து தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 620 ரூபா. முழு வரவுள்ள தாய் பத்து நாளில் வாங்குவதைவிடக் குறைவாக, மாதம் முழுக்கக் கற்பித்த மகள் வாங்கினாள். பிறகு அந்தக் கொடுப்பனவு 10,000 ரூபா ஆயிற்று. பயிற்சி முடித்து ஆசிரியர் சேவைக்குள் உள்வாங்கப்படும்வரை பலர் கடன் வாங்கித்தான் பஸ்ஸுக்குக் கொடுத்தார்கள். இந்தக் கணக்கை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

ஆகவே சேவையில் உறுதியானதும் அவள் செய்வது ஒன்றே. பசறையிலோ பதுளையிலோ ஹாலி எலையிலோ ஓர் அறை வாடகைக்கு எடுக்கிறாள். கல்யாணமானதும் அங்கேயே நிலைக்கிறாள். பிறகு தான் பிறந்த தோட்டத்துக்கே காலை பஸ்ஸில் வந்து மதியம் போகிறாள். இதைப் பார்த்துச் சிலர், படித்ததும் லயத்தை மறந்துவிட்டாள் என்கிறார்கள். மறக்கவில்லை; அங்கே அவளுக்கு இடம் வைக்கப்படவில்லை. வெளியூர் ஆசிரியர் நிற்காததற்கும் உள்ளூர் ஆசிரியை வெளியே போனதற்கும் காரணம் ஒன்றுதான் என்பதே இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது.

கூரை மட்டும் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லவில்லை. புதிதாக வருபவர் இங்கே கற்றுக்கொள்ள வேண்டியவை உண்டு. அவற்றை எந்தக் கலாசாலையும் முழுமையாகச் சொல்லிக் கொடுப்பதில்லை. பெற்றோர் கூட்டத்தை வேலைநாள் காலை பத்து மணிக்கு வைக்கிறார் புதிய ஆசிரியர். யாரும் வரவில்லை. இவர்களுக்குப் பிள்ளைகளின் படிப்பில் அக்கறையில்லை என்று முடிவு கட்டுகிறார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு மலையேறிய தாய் பாதியில் இறங்கினால் அரைப்பேர்தான் விழும், எடுக்க வேண்டிய கிலோவும் குறையும் என்பது அவருக்குத் தெரியாது. அதே கூட்டத்தை மாலையில் கொழுந்து நிறுத்து முடிந்த பிறகோ ஞாயிற்றுக்கிழமையோ வைத்தால் இஸ்தோப்பு கொள்ளாத கூட்டம் வரும். முதல் வரிசையில் பாட்டிமார் உட்கார்ந்திருப்பார்கள், ஏனென்றால் பிள்ளையை வளர்ப்பது பல வீடுகளில் அவர்கள்தான். தாய் கொழும்பிலோ மத்திய கிழக்கிலோ வேலை செய்வாள்.

மாசியில் காமன் கூத்து நடக்கும் நாட்களில் வரவு குறையும். வரவு குறைந்ததென்று இடாப்பில் சிவப்பு மை போடுபவரும் உண்டு. இரவு போய்க் கூத்துப் பார்த்து, ரதியாக ஆடியது தன் வகுப்புப் பையன்தான் என்று கண்டுகொண்டு மறுநாள் அவனைக் கதை சொல்ல வைப்பவரும் உண்டு. வகுப்பில் வாயே திறக்காத பையன் அன்று திறக்கிறான். பேச்சுமொழி விஷயத்திலும் இதே கதை. பிள்ளை தன் வீட்டுத் தமிழில் சொன்ன பதிலைத் திருத்துவதற்கு முன், பதில் சரியா என்று பார்க்கும் பொறுமை வேண்டும். யாழ்ப்பாணத் தமிழையோ புத்தகத் தமிழையோ உயர்ந்ததாக வைத்துச் சிரித்த ஒரே ஒரு சிரிப்பு, ஒரு பிள்ளையின் வாயை ஐந்தாண்டு மூடிவிடும். இவையெல்லாம் மாலை ஐந்து மணிக்குப் பிறகும் தோட்டத்தில் இருப்பவருக்கே தெரியவரும். இரண்டு மணி பஸ்ஸைப் பிடிப்பவர் கெட்டவரல்ல. அவருக்கு இவற்றைப் பார்க்க வாய்ப்பே இல்லை.

பேரிடர் வரும்போது இது உயிர்ப் பிரச்சினையாகிறது. 2014 ஒக்டோபர் 29 காலை, இதே மாவட்டத்தில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. தப்பியவர்கள் தங்கவைக்கப்பட்டது அயலிலிருந்த பாடசாலைகளில். அப்படியொரு நாளில் எந்தப் பிள்ளை எந்த லயம், யார் வீட்டில் யார் இருந்தார்கள் என்று சொல்லக்கூடியவர்களில் ஆசிரியர் முக்கியமானவர். அந்த அறிவு இடாப்பில் இருப்பதில்லை.

வெற்றிடத்தை நிரப்ப வெளியாளை நாடும் எண்ணம் மீண்டும் எழுந்தது. 2010களின் நடுப்பகுதியில், கல்வி இராஜாங்க அமைச்சராக இருந்த வே. இராதாகிருஷ்ணன், உயர்தரக் கணித, விஞ்ஞானப் பாடங்களுக்கு இந்தியாவிலிருந்து ஆசிரியர்களை வரவழைக்கும் யோசனையை முன்வைத்தார். இங்கே பட்டதாரிகள் வேலையின்றி இருக்கும்போது ஏன் என்று ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. பௌதிகவியலுக்கு ஆளே இல்லாத ஒரு பாடசாலையின் மாணவிக்கு, ஆசிரியரின் கடவுச்சீட்டு எந்நாட்டுடையது என்பது பெரிய விஷயமில்லை. ஆனால் அந்த விவாதத்திலும், தமிழகத்திலிருந்து வருபவர் நமுனுகுலையில் எந்த வீட்டில் இருப்பார் என்பது பெரிதாகப் பேசப்படவில்லை. நூறாண்டுக்கு முன் மண்டபம் வழியாக வந்தவருக்காவது துரை ஒரு வீட்டைக் காட்டினார்.

இப்போது ஆசிரியர் ஓட்டம் எதிர்த்திசையில், நாட்டுக்கு வெளியே இருக்கிறது. இது முற்றிலும் புதிதல்ல; 1970, 80களில் யாழ்ப்பாணத்து ஆசிரியர்கள் நைஜீரியாவுக்கும் சாம்பியாவுக்கும் போனார்கள். மாலைதீவுப் பாடசாலைகளில் இலங்கை, இந்திய ஆசிரியர்கள் நீண்டகாலமாகக் கற்பிக்கிறார்கள். 2022இன் பொருளாதார நெருக்கடியில் அரச ஊழியர் வெளிநாட்டில் வேலை செய்ய ஐந்தாண்டு வரை சம்பளமற்ற விடுமுறை எடுக்கலாம் என்று அரசே கதவைத் திறந்தது. ஆங்கிலம் தெரிந்த, கணிதம் கற்பிக்கக்கூடிய இளையவர்கள்தான் முதலில் புறப்படுகிறார்கள். மலையகத்துக்கு மிகத் தேவையானவர்களும் அவர்களே. இதை நாட்டுப்பற்றின்மை என்று திட்டுவதற்கு முன் ஒன்றை யோசிக்கலாம். மாலைதீவின் சிறு தீவொன்று மடுல்சீமையைவிட வசதியான இடமல்ல. கடை ஒன்றிரண்டு, வெளியே போகப் படகு, சுற்றிலும் கடல், மொழி தெரியாத ஊர். அங்கே போய் ஈராண்டு, நாலாண்டு நிற்க முடிகிறது. சம்பளம் அதிகம் என்பது முதற் காரணம், மறுக்கவில்லை. இன்னொரு காரணம், வெளிநாட்டு ஆசிரியர் புறப்படுவதற்கு முன்பே தங்குமிடம் யார் பொறுப்பு, பயணச்சீட்டு யார் செலவு என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் பேசி முடிக்கப்படுகிறது. மேற்கு அவுஸ்திரேலியாவின் தொலைதூரப் பாடசாலைகளுக்குப் போகும் ஆசிரியருக்கும் அரசே குறைந்த வாடகையில் வீடு கொடுக்கிறது. நம்முடைய நியமனக் கடிதத்தில் பாடசாலையின் பெயரும் கடமையேற்கும் திகதியும் இருக்கின்றன, அவ்வளவுதான்.

கஷ்டப் பிரதேசக் கொடுப்பனவு உண்டு, கஷ்டப் பிரதேசத்தில் சில ஆண்டு இருந்தால் இடமாற்றம் கேட்கலாம் என்ற விதியும் உண்டு. இந்த விதி இரண்டு பக்கமும் வெட்டுகிறது. வருபவர் முதல் நாளே போகும் நாளை எண்ணத் தொடங்குகிறார். அந்த ஆண்டுகளில் மூன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை புலமைப்பரிசில் பரீட்சைக்கு வருவதற்குள் இரண்டு மூன்று வகுப்பாசிரியர்களைப் பார்த்துவிடும். போகும் உரிமையைப் பறிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. கலியாணமான ஓர் ஆசிரியையை மட்டக்களப்பிலுள்ள கணவரிடமிருந்து பத்தாண்டு பிரித்து வைக்க எவருக்கும் உரிமையில்லை. நிற்பவருக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்கிறேன்: கணவனும் பிள்ளையும் கூட வந்து இருக்கக்கூடிய வீடு, அதிபராகும் வரிசையில் முன்னுரிமை, பெண்கள் தனியே தங்க அச்சப்படாத பூட்டும் விளக்கும் தண்ணீரும் உள்ள விடுதி. கட்டிய விடுதிகள் சில இடங்களில் பாழடைந்து களஞ்சியமாகக் கிடக்கின்றன. பராமரிப்புச் செலவு யாருடையது என்று எழுதி வைக்காததன் விளைவு அது.

இவையெல்லாவற்றுக்கும் முன்னால் காணி நிற்கிறது. 1992க்குப் பின் தோட்டங்களை நடத்துவது கம்பனிகள். நிலம் இன்னமும் அரசினுடையது, அவர்கள் குத்தகைக்காரர்கள். தொழிலாளர் குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ் காணியும் வீடும் என்ற திட்டம் 2015க்குப் பின் பல தோட்டங்களில் நடந்திருக்கிறது. அதே கையோடு தோட்டத்தில் பிறந்த ஆசிரியைக்கும் அங்கே ஒரு துண்டு நிலம் கேட்டு வாங்கும் உரிமை ஏன் இருக்கக் கூடாது? ஒவ்வொரு தோட்டப் பாடசாலைக்கும் இரண்டு ஏக்கர் என்பது பழைய கோரிக்கை. அது முழுமையாக அளந்து கொடுக்கப்படும் இடத்தில் விளையாட்டு மைதானத்துக்குப் பிறகும் விடுதிக்கு இடம் மிஞ்சும். அந்த அளவையை முடித்துப் பாடசாலையின் பெயருக்கு எழுத ஊவா மாகாணக் கல்வி அமைச்சும் காணி அதிகாரிகளும் தோட்டக் கம்பனியும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். ஒவ்வொரு ஜனவரியிலும் பசறை வலயப் பணிமனைச் சுவரில் ஒட்டப்படும் இடமாற்றப் பட்டியலால் அது ஆகக்கூடிய வேலையல்ல.